துரு எங்கே பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள்: அறிகுறியும் காரணமும் தீர்வும்

இரும்பில் துரு தெரிந்ததும் வழக்கமாக நடப்பது இதுதான். உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார்கள், மேலே ஒரு கை பெயின்ட் அடிப்பார்கள், வேலை முடிந்தது. சில மாதம் கழித்து அதே இடத்தில் துரு மறுபடி எட்டிப் பார்க்கும். உடனே பெயின்ட் சரியில்லை என்போம். அந்த இடத்துக்குத் தண்ணீர் எப்படி வந்தது, வந்த தண்ணீர் ஏன் காயாமல் தங்கியது என்று கேட்காதவரை எந்தப் பெயின்டும் அங்கே நிற்காது. துரு எந்த இடத்தில், என்ன நிறத்தில், என்ன வடிவத்தில் வந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் புரியும்.

## ஒரு சொட்டு உப்புத் தண்ணீருக்குள் நடப்பது

பளபளவென்று தேய்த்த இரும்புத் தகடு ஒன்றைச் சமதளத்தில் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விடுங்கள். சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். காற்று படுவது சொட்டின் ஓரத்தில்தானே, அங்கேதான் அரித்திருக்கும் என்று தோன்றும். துடைத்துப் பார்த்தால் அரித்திருப்பது நடுப்பகுதி. ஓரம் பளபளப்பாகவே இருக்கும். பழுப்புத் துரு இரண்டுக்கும் இடையில் ஒரு வளையமாகப் படிந்திருக்கும்.

சொட்டின் ஓரத்தில் ஆக்சிஜன் எளிதாகக் கரைகிறது. நடுவில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் புதிதாக வந்து சேர நேரமாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு போதும், அந்த ஒரு சொட்டே ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. நடுவில் உள்ள இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓரத்துக்குப் போய், அங்கே ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் வினைபுரிகின்றன. கரைந்து வரும் இரும்பும் ஓரத்தில் உண்டாகும் ஹைட்ராக்சைடும் சந்திக்கிற இடத்தில் துரு படிகிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் ஈவன்ஸ் என்ற அரிப்பு ஆய்வாளர் 1920களில் நிறம் மாறும் கரைசலை வைத்து இதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்து காட்டினார். இரும்பு கரையும் நடுவில் நீலம், ஹைட்ராக்சைடு உண்டாகும் ஓரத்தில் இளஞ்சிவப்பு.

துரு தெரிகிற இடமும் இரும்பு தேய்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. காற்று சரியாகப் புகாத, ஈரம் மட்டும் தங்குகிற இடங்கள்தான் ஆபத்தானவை: வாஷருக்கு அடியில், பெயின்ட் கொப்புளத்துக்குள், சேறு அப்பிய மூலையில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில். வெளியே லேசான பழுப்புக் கோடுதான் தெரியும். பிரித்துப் பார்த்தால் உள்ளே குழி குழியாக இருக்கும்.

துரு உண்டாகத் தண்ணீரும் ஆக்சிஜனும் இரண்டுமே வேண்டும். கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றிய தண்ணீரில் ஆணியைப் போட்டு மேலே எண்ணெய் விட்டு மூடினால் ஆணி பளபளப்பாகவே கிடக்கும். ஈரமே இல்லாத காற்றில் வைத்தாலும் அப்படித்தான். சுத்தமான காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டும்வரை துரு மிக மெதுவாகத்தான் நகரும். உப்போ தூசியோ படிந்திருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் 35 விழுக்காடு அளவில் இருந்தாலே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு நனைந்துவிடும். வெறும் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிகிற இரும்பு உண்மையில் ஈரமாக இருக்கும். அதோடு உப்பு, தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயவும் வழி செய்கிறது.

இன்னொன்று. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டி, அடியில் உள்ள உலோகத்தைக் காப்பாற்றுகிறது. இரும்புத் துருவோ நுண்துளைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்வது. தான் தின்ற இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தையும் அடைக்கிறது. பெயின்ட் உப்புவதும், நட்டு இறுகுவதும், காங்கிரீட் வெடிப்பதும் இந்த வீக்கத்தால்தான்.

## பெயின்ட் அடித்து அதிக நாள் ஆகவில்லை, அதற்குள் கொப்புளம்

கொப்புளத்தைச் சுரண்டி எறியும் முன் ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தால், பெயின்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மிக மெல்லிய அளவில் ஈரத்தை உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வயர் பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தாலும் குழிக்குள் இருக்கும் உப்பு போகாது. மின்சார வயர் பிரஷ் இன்னும் மோசம், துருவையே மெருகேற்றிப் பளபளப்பாக்கி, சுத்தமான இரும்பு என்று நம்மை நம்ப வைத்துவிடும்.

இதற்கு வழி தண்ணீர்தான். பொருக்கைச் சுரண்டி எடுத்த பிறகு, நல்ல தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்து இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். உடனே துடைத்து, நன்றாகக் காயவைத்து, மறுபடி ஒருமுறை உப்புத்தாள் போட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். துருவைத் தண்ணீரால் கழுவுவதா என்று பலர் தயங்குவார்கள். உப்பைக் கரைத்து வெளியேற்ற தண்ணீரைவிட நல்ல வழி கிடையாது. கழுவிவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால்தான் கெடுதல்.

கொப்புளத்துக்குள் தண்ணீர் இல்லை, உரிந்த பெயின்டின் பின்பக்கத்தில் நீலமும் கறுப்புமாக வழவழப்பான செதில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால், அது இரும்பு ஆலையிலிருந்து வரும்போதே அதன்மேல் இருக்கும் கறுப்புத் தோல். புது இரும்பில் பார்க்க அழகாக, கெட்டியாக இருக்கும். வெயிலிலும் குளிரிலும் இரும்பு விரிந்து சுருங்கும்போது அது வெடித்துவிடும். வெடிப்பின் அடியில் இருக்கும் இரும்பு அந்தத் தோலைவிடச் சீக்கிரம் கரையக்கூடியது, அதனால் அங்கே குழி விழும். புது இரும்புதானே என்று நேராக பெயின்ட் அடிக்காமல், கிரைண்டர் போட்டு அந்தத் தோலை எடுத்துவிட்டு அடியுங்கள்.

துரு விளிம்புகளில் மட்டும் கோடு போட்டதுபோல வந்திருந்தால் காரணம் வேறு. ஈரப் பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து பின்வாங்கும், அங்கே படலம் மிக மெல்லிசாகிவிடும். அரம் வைத்து விளிம்பைச் சற்று உருட்டிவிட்டு, முதலில் விளிம்புக்கும் வெல்டிங் தடத்துக்கும் மட்டும் பிரஷ்ஷால் ஒரு கை கொடுத்து, அப்புறம் மொத்தமாக அடியுங்கள். பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து இழைகள் ஓடினால், மெல்லிய படலமும் ஈரமான காற்றும் சேர்ந்த விளைவு அது. மேலே இன்னொரு கை அடித்தால் நிற்காது. அந்தப் பகுதியை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

எந்த இடம் என்றில்லாமல் பரவலாகப் பழுப்புப் பொட்டுகள் தெரிந்தால், பெயின்ட் அடித்த நேரத்தைச் சந்தேகியுங்கள். விடியற்காலையில் இரும்பு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பனி அதன்மேல் படிந்திருக்கும். பனி படியும் வெப்பநிலையைவிட உலோகம் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தொழிலில் கடைப்பிடிக்கும் பொது விதி. அளக்கக் கருவி இல்லையென்றால், ஈரத் துணியால் ஒரு சிறு இடத்தைத் துடைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் முழுக்கக் காய்ந்துவிட்டால் அடிக்கலாம்.

ரெட் ஆக்சைடு பிரைமர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு நிறத்துக்குத் துருவைத் தடுக்கும் சக்தி எதுவும் கிடையாது, அதுவும் இரும்பு ஆக்சைடுதான். தடுக்கும் வேலையைச் செய்வது அதில் சேர்க்கும் துத்தநாக பாஸ்பேட் போன்ற பொருட்கள். டப்பாவின் மேல் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் பிரைமரோடு மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் விட்டுவிடுவது பிரைமரே அடிக்காததற்குச் சமம். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

## மேலே நன்றாக இருக்கிறது, அடியில் மட்டும் இற்றுப்போகிறது

கேட் தூண், வேலிக் கம்பம், கைப்பிடிக் குழாய் எல்லாமே தரையைத் தொடும் இடத்தில்தான் முதலில் போகும். கம்பத்தைச் சுற்றியுள்ள காங்கிரீட் குழிந்து கிண்ணம் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பெய்த மழை அதில்தான் நிற்கிறது. கம்பத்தைச் சுற்றி மேடாக்கி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுங்கள். காங்கிரீட்டும் இரும்பும் சேரும் கோட்டில் தார் சார்ந்த பூச்சோ நல்ல சீலன்டோ தரைக்கு மேலும் கீழும் சில அங்குலம் வரை போக வேண்டும். மண்ணையும் சருகையும் ஒதுக்கி வைத்தாலே ஆயுள் கூடும்.

குழாய்க் கம்பம் என்றால் உள்ளே இருந்தும் துரு வரும். மேல்முனை திறந்திருந்தால் மழை நேராக உள்ளே போகிறது. மூடியிருந்தாலும் ஒரு சின்ன வெல்டிங் ஓட்டை போதும். குழாய் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, வெளியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே போனது வெளியே வராது. சிறு சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமாக மாறினால் அங்கே சுவர் மெலிந்துவிட்டது அல்லது உள்ளே துரு அடைத்திருக்கிறது. மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிதுளை போட்டு, மேல்முனைக்கு மூடி போடுங்கள்.

## மழையே படாத கருவிகள் துருப்பிடிக்கின்றன

இது நிறையப் பேரைக் குழப்புகிற விஷயம். அறைக்குள், அலமாரியில், பெட்டிக்குள் வைத்த ஸ்பேனரும் உளியும் ஏன் துருப்பிடிக்க வேண்டும்?

துரு விரல் தடம் மாதிரி இருந்தால் அது விரல் தடமேதான். வியர்வையில் உப்பு இருக்கிறது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும்.

கனமான பொருட்களில் மட்டும், வைஸ், சம்மட்டி, பட்டறைக்கல் போன்றவற்றில், மெல்லிய பழுப்புப் படலம் சீராகப் படர்ந்திருந்தால் பனியைச் சந்தேகியுங்கள். இரவில் குளிர்ந்த கனமான இரும்பு காலையில் சீக்கிரம் சூடாகாது. கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் பட்டு வியர்க்கும். ஒரு போர்வை போட்டு மூடி வைத்தாலே இந்த வியர்ப்பு குறையும். ஆனால் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் போக வழியிருக்காது.

எல்லாக் கருவிகளும், கனமானது மெலிதானது என்ற வித்தியாசமில்லாமல், ஒரே சமயத்தில் துருப்பிடித்திருந்தால் அறையைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு மூலையில் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில் இருக்கும். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், ஆனாலும் அதன் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அறையெங்கும் பரவும். பாட்டிலுக்கு மேலே இருக்கும் கீலோ ஆணியோ மற்றதைவிடக் கறுத்து, பொருக்கு விட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளீச்சிங் பவுடரும், நீச்சல்குளத்துக்குப் போடும் குளோரின் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். இவற்றை வெளியே எடுத்து வைக்காமல் எவ்வளவு எண்ணெய் பூசினாலும் பலனில்லை. இத்தனை வகைத் துருவில் இவ்வளவு சுலபமாகத் தீர்கிற காரணம் இன்னொன்று இல்லை. அதனால்தான் எல்லோரும் இதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கத்தியைத் தோலுறைக்குள்ளேயே வைப்பது, கருவிகளை அட்டைப்பெட்டியில் போடுவது, பச்சை மரத்தில் செய்த பெட்டியில் வைப்பது இதெல்லாமும் கெடுதல். தோலும் அட்டையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சில மரங்கள் அசிட்டிக் அமில ஆவியையே வெளிவிடும்.

நீண்ட நாள் வைக்க வேண்டும் என்றால் ஈரத்தை விரட்டும் ஸ்பிரே மட்டும் போதாது. அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் மிக மெல்லியது. கிரீஸ், மெழுகு, கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலின் இவற்றில் ஒன்றைத் தடவுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் காற்றுப் புகாத பெட்டியில்தான் வேலை செய்யும். திறந்த அலமாரியில் போட்டால் சில நாளில் நிரம்பிவிடும், அவ்வளவுதான்.

## துருவைக் கழற்றுவது

சின்னப் பொருட்களுக்கு வினிகரோ, தண்ணீரில் கரைத்த சிட்ரிக் அமிலமோ போதும். இரவு ஊறவைத்து, காலையில் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். தேவைக்கு மேல் ஊறவிட்டால் நல்ல இரும்பையும் அது தின்ன ஆரம்பித்துவிடும். எடுத்ததும் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, மறுபடி கழுவி, அந்த நிமிடமே சூட்டில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். புதிதாக வெளிப்பட்ட இரும்பு கண் முன்னாலேயே மஞ்சளாக மாறும். ஸ்பிரிங்கையும், அதிக வலிமை கொண்ட போல்ட்டையும் அமிலத்தில் போடாதீர்கள். அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது, சுமை ஏறும்போது படீரென்று உடையும்.

நுணுக்கமான வேலைப்பாடு உள்ள பொருளுக்கு மின்பகுப்பு முறை நல்லது, நல்ல இரும்பு ஏறக்குறைய தேயவே தேயாது. பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைத்த தண்ணீர், பொருளுக்கு பேட்டரி சார்ஜரின் எதிர்முனை, ஒரு பழைய சாதாரண இரும்புத் தகட்டுக்கு நேர்முனை. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அந்தத் தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, அதிலிருந்து நச்சுத்தன்மை மிகுந்த குரோமியம் தண்ணீரில் கலக்கும். உப்பும் போடக் கூடாது, குளோரின் வாயு வரும். ஹைட்ரஜன் குமிழி வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. எந்த முறையானாலும், அமிலத்தோடு பிளீச்சைச் சேர்க்காதீர்கள்.

கழற்றவே முடியாத பெரிய பரப்புக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் உண்டு. அதில் இருக்கும் டானிக் அமிலம் அல்லது பாஸ்பாரிக் அமிலம் மெல்லிய, இறுகிய துருவைக் கறுப்பான, கரையாத படலமாக மாற்றும். தடித்த பொருக்கின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். கறுத்துவிட்டதே என்று அப்படியே விடவும் கூடாது, மேலே பெயின்ட் வேண்டும்.

வார்ப்பிரும்பு வாணலியின் துருவுக்கு இதெல்லாம் தேவையில்லை. தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து உலர்த்தி, துடைத்து எடுத்தமாதிரி மெல்லிசாக எண்ணெய் தடவி, புகை வரும்வரை சூடாக்குங்கள். எண்ணெய் கெட்டியான படலமாக இறுகிவிடும். இரண்டு மூன்று தடவை செய்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். துணியில் பட்ட துருக்கறைக்கு மட்டும் பிளீச் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும். சிட்ரிக் அமிலம்தான் அதற்கு.

## வேறு உலோகம் தொடும் இடத்தில் மட்டும் துரு

இரும்பு, செம்பையோ பித்தளையையோ எவர்சில்வரையோ ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், இரும்புதான் விட்டுக்கொடுக்கும். சுதந்திர தேவி சிலையில் நடந்தது இதுதான். வெளியே செம்புத் தோல், உள்ளே அதைத் தாங்கும் இரும்புப் பட்டைகள். இரண்டுக்கும் நடுவில் வைத்த காப்புப் பொருள் நாளடைவில் வீணானதும் இரும்பு துருப்பிடித்து வீங்கி, செம்பில் அறைந்திருந்த ரிவெட்டுகளையே பிடுங்கிவிட்டது. 1986இல் முடிந்த சீரமைப்பில் அந்தப் பட்டைகளை எவர்சில்வருக்கு மாற்றினார்கள்.

இங்கே பரப்பளவுதான் முக்கியம். பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன இரும்பு போல்ட் போட்டால் போல்ட் வேகமாகக் கரைந்துபோகும். பெரிய இரும்புத் தகட்டில் சின்ன எவர்சில்வர் போல்ட் போட்டால் அரிப்பு பரவலாகிப் பெரிதாகத் தெரியாது. நைலான் வாஷரும் குழலும் போட்டு இரண்டையும் பிரித்து வையுங்கள். பெயின்ட் அடிப்பதானால் இரண்டுக்கும் சேர்த்து அடியுங்கள். இரும்புக்கு மட்டும் அடித்து அதில் ஒரு கீறல் விழுந்தால், மொத்த அரிப்பும் அந்த ஒரு கீறலில் குவிந்துவிடும்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற வேதியியலாளர், கப்பலின் செம்புத் தகடுகளோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்து, அவை கரைந்து செம்பைக் காப்பாற்றும்படி செய்தார். இன்றைக்கும் கப்பல் அடிப்பாகத்திலும் புதைத்த குழாய்களிலும் இதே வழிதான்.

## ஜி.ஐ. தகட்டில் வெள்ளைப் பொடி, குழாயில் பழுப்பு

ஜி.ஐ. என்பது துத்தநாக முலாம் பூசிய இரும்பு. இந்த முலாம் பூசும் முறைக்கு 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சோரெல் காப்புரிமை பெற்றார். முலாமில் ஒரு கீறல் விழுந்தாலும், சுற்றியிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெட்டிய ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பரப்பு முழுக்கப் பழுப்பேறினால் அங்கே துத்தநாகம் தீர்ந்துவிட்டது. சுத்தம் செய்து துத்தநாகம் மிகுந்த பெயின்டை அடிக்க வேண்டும்.

வெள்ளைப் பொடி வேறு. புதுத் தகடுகளை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் வரும். லேசாக இருந்தால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நடுவில் கட்டை கொடுத்து, சாய்வாக, காற்றோட்டமாக அடுக்குங்கள். ஜி.ஐ. மேல் அடித்த எனாமல் தாள் தாளாக உரிகிறதா? துத்தநாகமும் எனாமலில் இருக்கும் எண்ணெயும் வினைபுரிந்து ஒருவகைச் சோப்பு உண்டாகி, பிடிப்பை விட்டுவிடுகிறது. ஜி.ஐ.க்கென்றே இருக்கும் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

## எவர்சில்வரில் பழுப்புப் புள்ளி

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பதற்குக் காரணம் அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பது. அது மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கி, கீறினாலும் தானே மூடிக்கொள்கிறது. அதில் புள்ளி வந்தால் முதலில் அது எவர்சில்வரின் துருதானா என்று பாருங்கள். இரும்பு நாரால் தேய்த்தது, சாதாரண வயர் பிரஷ் போட்டது, பக்கத்தில் கிரைண்டர் ஓடித் தீப்பொறி தெறித்தது இவையெல்லாம் இரும்புத் துகளை ஒட்டவைத்துவிட்டுப் போகும். துருப்பிடிப்பது அந்தத் துகள்தான். சிட்ரிக் அமிலக் கரைசலால் துடைத்து எடுத்த பிறகு திரும்ப வராவிட்டால் பிரச்சினை முடிந்தது.

அதே புள்ளியில் மறுபடி வந்து, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டால், குளோரைடு படலத்தைத் துளைத்துவிட்டது. பிளீச், ஆசிட், கடல் உப்பு, இதில் எது அங்கே படுகிறது என்று தேடுங்கள். கடலோரத்துக்கு 304 வகை போதாது, 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வேண்டும். காந்தம் ஒட்டினால் போலி என்ற முடிவுக்கு வராதீர்கள், காந்தம் ஒட்டும் நல்ல எவர்சில்வர் வகைகளும் உண்டு.

## நட்டு கழலவில்லை

இடுக்குக்குள் ஊடுருவும் பெனட்ரேட்டிங் ஆயிலை விட்டுவிட்டு உடனே முறுக்கத் தொடங்காதீர்கள். சுத்தியலால் லேசாகத் தட்டி, சில மணி நேரம் ஊறவிட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரளவு அசைத்து, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். முன்னும் பின்னும் அசைத்து அசைத்து வந்தால் துரு பொடிந்து வெளியே வரும். நட்டை மட்டும் சூடாக்குவது நல்ல வழி, ஆனால் எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பைக் காட்டாதீர்கள். முலாம் பூசிய நட்டைச் சூடாக்கினால் துத்தநாகப் புகை வரும், அதைச் சுவாசிக்கக் கூடாது.

## குழாயில் பழுப்புத் தண்ணீர்

காலையில் முதலில் வரும் தண்ணீர் மட்டும் பழுப்பு, பிறகு தெளிவு என்றால் இரவெல்லாம் தண்ணீர் நின்ற உங்கள் குழாய்தான் துருப்பிடித்திருக்கிறது. வெந்நீர் மட்டும் பழுப்பு என்றால் கீசர் தொட்டி. அதற்குள் தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்கென்று ஒரு மெக்னீசியத் தண்டு இருக்கும். அது தீர்ந்த பிறகு தொட்டி கரையத் தொடங்கும். சரியான நேரத்தில் தண்டை மாற்றினால் தொட்டி பிழைக்கும்.

தண்ணீர் தெளிவாக வந்து, வாளியில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு பழுப்பாக மாறினால் குழாயில் குற்றமில்லை. நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கிறது, காற்றுப் பட்டதும் அது துருவாக வெளிப்படுகிறது. குழாயை மாற்றிப் பணத்தை வீணாக்காமல், காற்றூட்டி வடிகட்டும் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

## காங்கிரீட்டில் வெடிப்பு, பழுப்புக் கசிவு

நல்ல காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. அங்கே காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12.5க்கு மேல் இருக்கும், அந்தக் காரத்தன்மையில் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் உண்டாகி நிற்கும். காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்த அளவை 9க்குப் பக்கத்தில் இறக்கிவிட்டாலோ, உப்பு உள்ளே வந்தாலோ படலம் கலைந்துவிடும். துரு வீங்கிக் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். வெடிப்பு கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாகப் போவதும், ஓரத்தில் பழுப்பு வடிவதும், தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்பதும் இதன் அடையாளங்கள்.

இதன்மேல் சிமென்ட் பூசி மறைப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வைத்தியம். பூச்சுக்குப் பின்னால் துரு நிற்காமல் வளரும், கீழே நிற்பவர் தலையில் ஒருநாள் விழும். பெயர்ந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டாலும் போதாது. ஒட்டுக்குள் இருக்கும் கம்பி காப்பாற்றப்படும். ஒட்டின் விளிம்புக்கு வெளியே, உப்பு இன்னும் இருக்கும் பழைய காங்கிரீட்டுக்குள், அதே கம்பி முன்னைவிட வேகமாகக் கரையத் தொடங்கும். அதனால் பொள்ளலான பகுதி முழுவதையும், கம்பியின் பின்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சுரண்டி எடுத்து, துரு இல்லாத இடம் தெரியும்வரை கம்பியைத் தொடர்ந்துபோய்ச் சுத்தம் செய்து, அதற்குரிய பூச்சும் பழுதுநீக்கக் கலவையும் போட வேண்டும். மேலே இருந்து தண்ணீர் கசியும் வழியை அதற்கு முன்பே அடைத்திருக்க வேண்டும்.

கம்பியைச் சுத்தம் செய்ததும் வெர்னியரால் விட்டத்தை அளந்து, அதே கம்பியின் கெடாத பகுதியோடு ஒப்பிடுங்கள். கண்ணுக்கே தெரியும் அளவு மெலிந்திருந்தாலோ, பழுது தூணிலோ உத்தரத்திலோ இருந்தாலோ நாமாகக் கை வைக்கக் கூடாது. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்து முட்டுக் கொடுக்கும்வரை அந்த இடத்துக்குக் கீழே யாரையும் படுக்கவோ நடக்கவோ விடாதீர்கள்.